முக வளர்ச்சியை மதிப்பிடுவது எப்படி? பல் சீரமைப்புத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

12 வயதுச் சிறுமி ஒருத்தி, அதே வயதுச் சிறுவன் ஒருவன். இருவருக்கும் ஓவர்ஜெட் (மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைத் தாண்டி முன்னால் நிற்கும் தொலைவு) 9 மி.மீ.; இருவருக்கும் கீழ்த்தாடை பின்தங்கி நிற்கிறது. பல் மாதிரிகளை மேசையில் அருகருகே வைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. ஆனால் சிறுமி வயதுக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. சிறுவனுக்குக் குரல்கூட இன்னும் உடையவில்லை. அவனுக்குக் கீழ்த்தாடையை முன்கொண்டுவரும் ட்வின் பிளாக் கருவியைப் போட்டு, வரவிருக்கும் வளர்ச்சியையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அவளுக்கு வேகமான வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிட்டது. பற்களை நகர்த்தித் தாடைக் குறையை மறைப்பதா, வளர்ந்து முடிந்தபின் அறுவை சிகிச்சையா என்ற பேச்சுக்குச் சீக்கிரமே வந்துவிடுவோம்.

இந்தத் துறைக்குள் புதிதாக நுழைபவர்கள், வளர்ச்சி என்றதும் "இன்னும் எவ்வளவு மிச்சம்?" என்று மட்டும் கேட்டு நின்றுவிடுகிறார்கள். மிச்சமிருப்பது எந்தத் திசையில் போகும் என்ற கேள்விதான் அதைவிடப் பெரியது என்பது என் கருத்து. அளவைக் கொஞ்சம் தவறாகக் கணித்தால் சிகிச்சை சில மாதம் நீளும். திசையைத் தவறாகக் கணித்தால் திட்டமே கவிழும்.

தொடங்கும் முன் மனதில் இருக்க வேண்டிய ஒழுங்கு

உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. வெவ்வேறு உடற்பகுதிகளின் வளர்ச்சி வேகத்தைக் காட்டி ஸ்கேமன் 1930-இல் வெளியிட்ட வளைகோடுகளை எல்லாரும் முதலாண்டிலேயே படித்திருப்பீர்கள். மூளையும் மண்டையோட்டின் மேற்பகுதியும் 6, 7 வயதுக்குள் ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடும். உடலின் பொது வளர்ச்சி பருவ வயதில் மீண்டும் ஒருமுறை வேகமெடுக்கும். மேல்தாடை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கீழ்த்தாடை உடலின் போக்கை அதிகம் ஒட்டி நடக்கிறது. அதனால்தான் மேல்தாடை முன்னதாக ஓய்ந்துவிட, கீழ்த்தாடை பின்னும் சில ஆண்டுகள் வளர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொரு ஒழுங்கும் உண்டு. முதலில் அகலம் முடியும், அடுத்து முன்பின் நீளம், கடைசியாக உயரம். கீழ்க் கோரைப்பற்களுக்கு இடையிலான அகலம், அவை முளைத்த பிறகு கூடுவதில்லை என்றே கொள்ளலாம். முகத்தின் உயரமோ பதின்பருவத்தின் இறுதிவரை, சிலருக்கு அதற்குப் பின்னும் மெல்லக் கூடிக்கொண்டிருக்கும். குறுகிய மேல்தாடையைச் சீக்கிரம் விரிக்கச் சொல்வதற்கும், ஓபன் பைட் (கடித்தாலும் மேல் கீழ் முன்பற்கள் சேராமை) சரிசெய்தவருக்கு, பற்களை அதே இடத்தில் நிறுத்தும் ரீட்டெய்னரை நீண்ட காலம் விடாமல் போடச் சொல்வதற்கும் காரணம் இந்த வரிசைதான்.

படி 1: எக்ஸ்ரேவுக்கு முன் கேள்விகள்

பிறந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். பருவ வளர்ச்சியின் உச்ச வேகம் சராசரியாகப் பெண்களுக்கு 12 வயதிலும் ஆண்களுக்கு 14 வயதிலும் வருகிறது. அந்தச் சராசரிக்கு இருபுறமும் இரண்டு ஆண்டுவரை விலகி நிற்பவர்கள் ஏராளம். 11 வயதில் உச்சத்தைத் தாண்டிய சிறுமியும், 15 வயதிலும் அதைத் தொடாத சிறுவனும் உங்கள் நாற்காலிக்கு வருவார்கள்.

கேட்க வேண்டியவை எளியவை. கடந்த ஓராண்டில் எவ்வளவு உயரம் கூடியது? செருப்பின் அளவு மாறியதா? பள்ளியிலோ குழந்தை மருத்துவரிடமோ எடுத்த உயரக் குறிப்புகள் இருக்கின்றனவா? பருவ வயதுக்கு முன் குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 செ.மீ. வளர்வார்கள். உச்சத்தில் பெண்கள் 8 செ.மீ. அளவுக்கும் ஆண்கள் 9, 10 செ.மீ. அளவுக்கும் வளர்வார்கள். முகத்தின் உச்சமும் உயரத்தின் உச்சத்தை ஒட்டியோ சற்றுப் பின்னரோதான் வருகிறது. ஆகவே மருத்துவமனைச் சுவரில் ஓர் உயர அளவுகோலை ஒட்டிவைத்து, வரும் ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுங்கள். செலவில்லாத, கதிர்வீச்சில்லாத கருவி அது. அதை ஏன் இவ்வளவு பேர் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

முதல் மாதவிடாய் பொதுவாக உச்ச வேகத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்து வருகிறது. அது வந்துவிட்டது என்றால் உச்சம் கடந்துவிட்டது என்று பொருள். இதைத் தாயிடம் தனியாகக் கேளுங்கள். காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே கேட்கும் கேள்வி அல்ல இது.

அடுத்து குடும்பம். பெற்றோரின் முகத்தையும், முடிந்தால் அண்ணன் அக்காவின் முகத்தையும் பாருங்கள். கீழ்த்தாடை முன்துருத்தும் அமைப்பு குடும்பங்களில் தொடர்ந்து வருவது நன்கு தெரிந்த ஒன்று. தந்தையின் மோவாய் மேசைமேல் உள்ள எந்த அளவையும்விட அதிகம் சொல்லும் சந்தர்ப்பங்கள் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, தைராய்டு, நீண்டகால ஸ்டீராய்டு, சிறுவயது மூட்டுவாதம் ஆகியவற்றையும் கேட்டறியுங்கள். மூட்டுவாதம் தாடை மூட்டைத் தொட்டால் வலியே இல்லாமல் கீழ்த்தாடையின் வளர்ச்சி குன்றிப்போகலாம்.

படி 2: முகத்தை நேரில் படித்தல்

குழந்தையை நாற்காலியில் படுக்கவைத்துப் பார்க்காதீர்கள். நிற்கவைத்து, தொலைவில் ஒரு புள்ளியையோ கண்ணாடியில் தன் கண்களையோ பார்க்கச் சொல்லுங்கள். தலை அதன் இயல்பான நிலைக்கு வந்துவிடும். தலையைச் சற்றுத் தூக்கினாலே மோவாயின் பின்தங்கல் மறைந்துவிடுகிறது. குனிந்தால் இல்லாத குறை தெரிகிறது.

பக்கவாட்டில் நெற்றி, மூக்கின் அடி, மோவாய் மூன்றும் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். குறை எந்தத் தாடையில் இருக்கிறது? கிளாஸ் 2 (கீழ்ப் பற்கள் மேற்பற்களுக்குப் பின்தங்கி நிற்கும் அமைப்பு) என்றாலே மேல்தாடை முன்னால் இருக்கிறது என்று நினைப்பது புதியவர்களின் பழக்கம். வளரும் வயதில் வரும் பெரும்பாலான கிளாஸ் 2 குழந்தைகளில் பின்தங்கியிருப்பது கீழ்த்தாடைதான். எளிய சோதனை ஒன்று உண்டு. கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவந்து பற்களைச் சரியாகச் சேர்க்கச் சொல்லி, பக்கவாட்டு முகம் அழகாகிறதா என்று பாருங்கள். அழகானால் கீழ்த்தாடையை முன்கொண்டுவரும் கருவிக்கு இடமுண்டு. முகம் கெட்டால் குறை மேல்தாடையிலோ முகத்தின் உயரத்திலோ இருக்கிறது.

முன்பக்கம் பார்க்கும்போது முகத்தின் கீழ்ப்பகுதி நீண்டிருக்கிறதா, ஓய்வில் உதடுகள் சேர்கின்றனவா, வாயால் மூச்சு விடுகிறதா என்று கவனியுங்கள். மோவாய் ஒருபக்கம் விலகியிருந்தால், வாயைத் திறந்தும் மூடியும் பாருங்கள். பற்கள் முதலில் தொட்டபின் தாடை நழுவி விலகினால் அது பல்லின் வேலை, சீக்கிரம் திருத்தலாம். வாயைத் திறந்தபோதும் விலகலே இருந்தால் எலும்பில் குறை இருக்கிறது. விலகல் மாதாமாதம் கூடுகிறதென்றால் காண்டைலின் (தாடை மூட்டில் பொருந்தும் கீழ்த்தாடை முனையின்) மிகைவளர்ச்சியைச் சந்தேகித்து, மேலும் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

படி 3: கழுத்து எலும்பில் நேரம் பார்த்தல்

திட்டமிடுவதற்காகப் பக்கவாட்டு செபலோகிராம் (தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே) எடுத்தாயிற்று என்றால் வளர்ச்சி நிலையும் அதே படத்தில் இருக்கிறது. லாம்பார்ஸ்கி 1972-இல் தொடங்கிவைத்த முறையை பச்செத்தி, ஃபிராங்கி, மெக்னமாரா ஆகியோர் 2005-இல் ஆறு நிலைகளாக ஒழுங்குபடுத்தினார்கள். பார்க்க வேண்டியவை இரண்டாம், மூன்றாம், நான்காம் கழுத்து முள்ளெலும்புகள் மட்டும்.

முதலில் கீழ் விளிம்புகளைப் பாருங்கள். மூன்றும் தட்டையாக இருந்தால் முதல் நிலை. உச்சத்துக்கு இன்னும் குறைந்தது இரண்டு ஆண்டு இருக்கிறது. இரண்டாம் எலும்பில் மட்டும் குழிவு வந்திருந்தால் இரண்டாம் நிலை. இரண்டிலும் மூன்றிலும் குழிவு என்றால் மூன்றாம் நிலை. நான்காம் எலும்பிலும் குழிவு வந்துவிட்டால் நான்காம் நிலை. கீழ்த்தாடையின் உச்ச வேகம் மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் இடையில் விழுகிறது.

அதன்பின் வடிவத்தைப் பாருங்கள். மூன்றாம், நான்காம் எலும்புகள் தொடக்கத்தில் சரிவகமாக இருக்கும். நான்காம் நிலையில் படுத்த செவ்வகமாகும். இரண்டில் ஒன்றாவது சதுரமானால் ஐந்தாம் நிலை. நிமிர்ந்த செவ்வகமானால் ஆறாம் நிலை, அதாவது உச்சம் கடந்து குறைந்தது இரண்டு ஆண்டு.

எழுத்தில் இது தெளிவாக இருக்கிறது. படத்தில் அவ்வளவு தெளிவாக இருக்காது. இரண்டாம் நிலையா மூன்றாம் நிலையா என்பதில் அனுபவமுள்ளவர்களே ஒருவரோடொருவர் முரண்படுகிறார்கள். ஒரே படத்தை மீண்டும் பார்த்தால் இந்த முறையில் அதே முடிவு வருவதில்லை என்ற விமர்சனம் ஆய்விதழ்களிலும் உண்டு. ஆகவே அதை ஒரு சாட்சியாக மட்டும் வையுங்கள், தீர்ப்பாக வேண்டாம். உயர வேகம், பருவ அடையாளங்கள், முள்ளெலும்பு மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம். முரண்பட்டால் நான் உயர வேகத்தின் பக்கம் சாய்வேன்.

கைமணிக்கட்டு எக்ஸ்ரே பழைய முறை. ஃபிஷ்மன் 1982-இல் தொகுத்த பதினோரு அடையாளங்களோடு இன்றும் பயன்படுகிறது. அதற்குத் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும். முடிவு உண்மையிலேயே மாறக்கூடிய இடத்தில் மட்டும் எடுங்கள். வழக்கமாக எல்லாருக்கும் எடுக்கக் காரணமில்லை. பற்கள் முளைத்திருக்கும் நிலையை வைத்து மட்டும் வளர்ச்சி உச்சத்தைக் கணிப்பதையும் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பு மிகத் தளர்வானது.

படி 4: திசை

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன்.

1950-களில் டென்மார்க்கின் ஆர்னே பியோர்க் குழந்தைகளின் தாடை எலும்புக்குள் சிறிய உலோக ஊசிகளைப் பதித்து, ஆண்டுதோறும் படமெடுத்தார். வெளி விளிம்புகளை மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாத ஒன்று அதில் தெரியவந்தது. வளரும்போது கீழ்த்தாடை வெறுமனே நீளவில்லை. முகத்துக்குள் சுழன்றுகொண்டே நீளுகிறது. கீழ் விளிம்பில் எலும்பு கரைவதும் படிவதும் அந்தச் சுழற்சியை வெளியே தெரியாமல் மறைத்துவிடுகின்றன.

சுழற்சியின் கணக்கு எளிது. பின்பக்கம் காண்டைலும் ரேமஸும் (கீழ்த்தாடையின் நிமிர்ந்த பின்பகுதி) எவ்வளவு உயரம் கூட்டுகின்றன, முன்பக்கம் மேல்தாடையின் இறக்கமும் கடைவாய்ப் பற்களின் முளைப்பும் எவ்வளவு உயரம் கூட்டுகின்றன என்று பாருங்கள். பின்பக்கம் வென்றால் மோவாய் முன்னோக்கிச் சுழலும். முன்பக்கம் வென்றால் கீழும் பின்னுமாகச் சுழலும். பெரும்பாலான குழந்தைகள் முன்னோக்கிச் சுழல்பவர்களே. பின்னோக்கிச் சுழலும் குழந்தைக்குத் தாடை 10 மி.மீ. வளர்ந்தாலும் மோவாய் முன்னே வராது, முகம்தான் நீளும். மிச்சமிருக்கும் வளர்ச்சி அங்கே உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது.

இதை ஒரே படத்தில் எப்படி ஊகிப்பது? 1969-இல் பியோர்க் ஏழு அடையாளங்களைச் சொன்னார். காண்டைலின் தலை முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா, பின்னோக்கியா. கீழ்த்தாடை நரம்புக் குழாய் வளைந்திருக்கிறதா, நேராக ஓடுகிறதா. மோவாயின் கீழ் விளிம்பு தடித்து உருண்டிருக்கிறதா, மெலிந்திருக்கிறதா. மோவாய் எடுப்பாக நிற்கிறதா, பின்வாங்குகிறதா. மேல் கீழ் முன்பற்களுக்கு இடையிலான கோணம். கடைவாய்ப் பற்களுக்கு இடையிலான கோணம். முகத்தின் கீழ்ப்பகுதியின் முன்னுயரம். முதல் நான்கில் முன்னால் சொன்னது முன்னோக்கிய சுழற்சிக்கும், பின்னால் சொன்னது பின்னோக்கிய சுழற்சிக்கும் அடையாளம். பற்களின் கோணங்கள் விரிந்திருந்தால் முன்னோக்கி, குறுகியிருந்தால் பின்னோக்கி. கீழ்முகம் நீண்டிருந்தால் பின்னோக்கி. ஒரே குழந்தையிடம் ஏழும் தெரியாது. பருவ வயதுக்கு முன் பல அடையாளங்கள் மங்கலாகவே இருக்கும். எத்தனை ஒரே பக்கம் சேர்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். நடுத்தரமான முகங்களில் இந்த ஊகத்துக்கு வலு குறைவு. இரு முனைகளிலும் நிற்கும் முகங்களில்தான் அது நன்றாகக் கைகொடுக்கும், நமக்கு அதிகம் தேவைப்படுவதும் அங்கேதான்.

எண்களும் துணைக்கு உண்டு. மண்டையோட்டின் முன் அடித்தளத்தைக் குறிக்கும் எஸ்.என். கோட்டுக்கும் கீழ்த்தாடைத் தளத்துக்கும் இடையிலான கோணம் சராசரியாக 32 பாகை. பின்முக உயரத்தை முன்முக உயரத்தால் வகுத்த ஜராபக் விகிதம் 62 முதல் 65 சதவீதம் என்றால் நடுத்தரம்; குறைந்தால் பின்னோக்கிய போக்கு, கூடினால் முன்னோக்கிய போக்கு. மொத்த முன்முக உயரத்தில் கீழ்ப்பகுதி சுமார் 55 சதவீதம் இருக்கும். இவை இன்றைய நிலையைச் சொல்லும் எண்கள். நாளைய நிலையை உறுதியாகச் சொல்லும் எண் எதுவும் இல்லை.

படி 5: இரண்டு தாடைகளையும் ஒப்பிடுதல்

இரண்டு தாடைகளின் முன்பின் வேறுபாட்டைக் காட்டும் ஏ.என்.பி. கோணம் சராசரியாக 2 பாகை என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். மூக்கின் வேரில் உள்ள நேசியான் புள்ளி முன்பின் நகர்ந்தாலோ தாடைகள் ஒருசேரச் சுழன்றிருந்தாலோ அந்தக் கோணம் பொய் சொல்லும். அதனால் ஜேக்கப்சன் 1975-இல் தந்த விட்ஸ் அளவையும் சேர்த்துப் பாருங்கள். தாடைகளின் முன்பின் விலகலைப் பற்கள் சந்திக்கும் தளத்தின் மேல் அளக்கும்போது பெண்களுக்கு 0, ஆண்களுக்கு -1 மி.மீ. என்பது அதன் சராசரி. கீழ்த்தாடை பிந்தியும் வளர்வதால் ஏ.என்.பி. வயதோடு சற்றுக் குறைவது இயல்பு. கிளாஸ் 2 குழந்தைக்கு அது நல்ல செய்தி. கீழ்ப் பற்கள் முன்னால் நிற்கும் கிளாஸ் 3 குழந்தைக்குக் கெட்ட செய்தி.

படி 6: இரண்டாவது பதிவு

ஒரு படம் நிலையைக் காட்டும். இரண்டு படங்கள்தான் வளர்ச்சியைக் காட்டும். முடிவு அவசரமில்லாத குழந்தைக்கு ஓராண்டு கழித்து அதே கருவியில், அதே தலை நிலையில் இன்னொரு படம் எடுத்து மேற்பொருத்துங்கள். 7 வயதுக்குப்பின் முன் மண்டையோட்டு அடித்தளம் ஏறக்குறைய அசையாமல் நிற்பதால் முழு முகத்துக்கும் அதைப் பிடியுங்கள். கீழ்த்தாடைக்கு மட்டும் என்றால் மோவாய் எலும்பின் உள்விளிம்பையும் நரம்புக் குழாயையும் பிடியுங்கள். கீழ் விளிம்பின்மேல் பொருத்தினால் சுழற்சி முழுவதும் மறைந்துவிடும். பழைய படங்களில் அடிக்கடி காணும் பிழை இது. படம் எடுக்க நியாயம் இல்லையென்றால் பக்கவாட்டுப் புகைப்படமும் உயர அட்டவணையும் போதும்.

படி 7: திட்டத்தில் அதை எங்கே வைப்பது

குறுகிய மேல்தாடைக்கும், தாடை நழுவும் கிராஸ்பைட்டுக்கும் (மேற்பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே கடிப்பது) காத்திருக்காதீர்கள். நடு அண்ண இணைப்பு வயதாக ஆகப் பின்னிக்கொள்கிறது. பதின்பருவத்தின் நடுவைத் தாண்டினால் மேல்தாடையை விரிக்கும் சாதாரண எக்ஸ்பேண்டர் கருவி எலும்பை விரிக்குமா, பற்களை மட்டும் சாய்க்குமா என்பதற்கு உறுதி இல்லை.

மேல்தாடை பின்தங்கிய கிளாஸ் 3 குழந்தைக்கு, மேல்தாடையை முன்னே இழுக்கும் ஃபேஸ் மாஸ்க் 8 வயதுக்குள் தொடங்கினால் நல்லது. 10-ஐத் தாண்டினால் எலும்பு நகர்வு குறைந்து பல் நகர்வு கூடும். வெற்றி பெற்றாலும் பருவ வயதில் கீழ்த்தாடை மறுபடி முன்னே ஓடக்கூடும் என்பதைத் தொடங்கும் நாளன்றே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

கிளாஸ் 2 இதற்கு நேர் எதிர். 8 வயதில் தொடங்கி இரண்டு கட்டமாகச் செய்வதையும், பருவ வயதில் ஒரே கட்டமாகச் செய்வதையும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஒப்பீட்டு ஆய்வுகள் எடைபோட்டன. இறுதியில் முகத்திலோ கடியிலோ பெரிய வேறுபாடு இல்லை. துருத்திய முன்பற்கள் அடிபடுவது மட்டும் முன்னதாகத் தொடங்கியவர்களிடம் குறைந்தது. ஆகவே அடிபடும் ஆபத்தோ, பள்ளியில் கடுமையான கேலியோ இருந்தால் முன்னதாகத் தொடங்குங்கள்; இல்லாவிட்டால் உச்சத்துக்காகக் காத்திருங்கள். குழந்தை கருவியைப் போடும் பொறுமையும் அளவானது. அதை 8 வயதிலேயே செலவழித்துவிட்டால் 13 வயதில் கையில் ஒன்றும் இருக்காது.

பின்னோக்கிச் சுழலும் குழந்தையிடம் கடைவாய்ப் பற்களை உயர்த்தும் எதையும் இருமுறை யோசியுங்கள். நீண்டகால கிளாஸ் 2 எலாஸ்டிக் (மேல் கீழ்ப் பற்களுக்கு இடையே மாட்டும் ரப்பர்), கட்டுப்பாடில்லாத விரிவாக்கம், கம்பியில் போடும் நிமிர்த்தும் வளைவுகள் எல்லாம் மோவாயை இன்னும் கீழே இறக்கும். முன்னோக்கிச் சுழலும் குழந்தையிடம் அதே இயக்கம் ஆழக்கடியை (மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை அதிகம் மறைப்பதை) திறக்க உதவும். அங்கே பல் பிடுங்குவதற்கு அவசரப்படவும் வேண்டாம்: மூக்கும் மோவாயும் இன்னும் வளரும், உதடு தட்டையாகும், இன்று முழுமையாகத் தெரியும் வாய் நாளை ஒடுங்கித் தெரியும்.

தாடை அறுவை சிகிச்சைக்கும், விடுபட்ட பல்லுக்கு இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைப்பதற்கும் 18 வயது என்ற எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள். ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் மேற்பொருத்தத்தில் மாறாமல் நிற்க வேண்டும். கிளாஸ் 3 ஆண்களுக்கு அது 20-ஐத் தாண்டியும் போகலாம். வளரும் எலும்பில் வைத்த இம்பிளாண்ட் அப்படியே நிற்க, பக்கத்துப் பற்கள் இறங்கிவிடும்.

படி 8: எழுதிவையுங்கள்

நோயாளிக் குறிப்பில் "வளர்ச்சி உண்டு" என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் பயனில்லை. நான் எழுதச் சொல்வது இப்படி: "கடந்த ஓராண்டில் 7 செ.மீ.; முள்ளெலும்பு மூன்றாம் நிலை; குரல் மாற்றம் தொடங்கவில்லை; பியோர்க் அடையாளங்களில் நான்கு பின்னோக்கி; உச்சம் ஓராண்டுக்குள் வரலாம்; மோவாய் கீழிறங்கும் வாய்ப்பு அதிகம்." அதன் கீழே, எது நடந்தால் திட்டத்தை மாற்றுவீர்கள் என்பதையும் மறுபார்வைத் தேதியையும் எழுதுங்கள். அந்தத் தேதியில் கோப்பைத் திறக்கும்போது கீழ்முக உயரம் கூடி, உதடுகள் சேரச் சிரமப்பட்டால், எலாஸ்டிக்கை அன்றே நிறுத்திவிட்டுக் கடைவாயின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் வழிக்கு மாறுங்கள்.